மொட்டாகப் பறித்த மல்லி

மனாமா
12.5.1998

பிரின்ஸி அப்பாவுக்கு ஜாய்ஸ் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி குறைந்ததா? இந்த வெயிலில் வரப்பு வெட்டப் போகாதீர்கள்.

நான் வேலை செய்யும் அரபி வீட்டின் தோட்டம் நம் வயலைப் போல் ஒரு மா நிலம் இருக்கும். இப்போது அரளி, காகிதப்பூ, குண்டுமல்லி எல்லாம் ஒன்றாகப் பூக்கின்றன. வியாழக்கிழமை சாயங்காலம் மல்லிச் செடி முழுக்க மொட்டு. விரிந்தால் வீணாகிவிடுமே என்று ஒன்றுவிடாமல் பறித்துவிட்டேன். மறுநாள் காலை பூவைக் காட்ட வீட்டம்மா விருந்தாளிகளைக் கூட்டிவந்தால், செடியில் வெறும் இலை!

சமையல் வேலை பார்க்கும் நாகப்பட்டினத்து ஹமீதா அக்காதான் நடுவில் வந்து சமாதானம் செய்தார். "இங்க பறிக்க மாட்டாங்க ஜாய்ஸ். செடியில விரியறதைப் பார்க்கத்தான் வளக்கிறாங்க" என்றார். தலையில் வைக்காமல் பார்ப்பதற்கு மட்டுமா பூ? எனக்குச் சிரிப்புதான் வந்தது. திட்டு அன்றோடு சரி. இனிமேல் தோட்டத்துப் பக்கம் போகக்கூடாது, அவ்வளவுதான்.

பறித்த அன்றே மொட்டுகளைத் தையல்நூலில் கட்டினேன். பாதி மொட்டு மீதி இருக்கும்போதே கை தானாக நின்றுவிட்டது. சரத்தைத் தூக்கிப் பார்த்தால், நான் புறப்பட்டபோது பிரின்ஸிக்கு இருந்த பின்னல் அளவு.

அடுத்த மாதம் ஊருக்கு வரும் ஹமீதா அக்காவிடம் ரிப்பன் கொடுத்தனுப்புகிறேன். பிரின்ஸி பின்னலை ஒரு நூலால் அளந்து, அந்த நூலைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்புங்கள். தபால் கொண்டுபோக டிரைவர் வாசலில் நிற்கிறார்.

ஜாய்ஸ்

முடிச்சுக்குக் கீழே தொங்கும் நுனி முடியையும் சேர்த்து அளக்கவும்.