நான் வசிக்கும் மாநிலம்

மார்ச் 4, 2025, செவ்வாய்

என் கணவர் லக்சனுக்கு மறுபடி இடமாற்றம். விமானப்படையில், டார்வினிலிருந்து சிட்னியின் ரிச்மண்ட் தளத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஜூன் நடுவில் மெல்பேர்ணுக்குப் போக வேண்டும். குவேக்கர்ஸ் ஹில்லில் இந்த வீட்டை வாங்கிக் குடிபுகுந்து ஏழு கிழமைதான், இரண்டு மாதம் நிறையவில்லை. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சரி என்றேன். எப்போதும் சொல்வதுதான்.

மார்ச் 6

வீடு வாங்கும்போது கட்டும் முத்திரை வரி நினைவுக்கு வந்தது. முதல் வீடு என்பதால் மாநில அரசு எங்களுக்கு அதை விட்டுக்கொடுத்தது. எங்கள் இருவரில் ஒருவராவது ஒரு வருடம் தொடர்ந்து இங்கே வசிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அடுத்த ஜனவரி 18இல்தான் வருடம் நிறையும். அதற்கு முதலே இருவரும் வெளிக்கிட்டால் வரி முழுவதையும் கட்ட வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

வென்ட்வேர்த்வில்லில் மாமியார் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. லக்சனின் ஒன்றுவிட்ட அண்ணன் சிறியும் வந்திருந்தார். இதெல்லாம் ஒரு விஷயமா என்றார். நானும் மெல்பேர்ணுக்குப் போய்விட வேண்டுமாம். லைசென்ஸ், கரண்ட் பில் எல்லாம் இந்த விலாசத்திலேயே இருக்கட்டுமாம். "ஆர் வந்து கதவைத் தட்டிப் பாக்கப் போறாங்கள்?"

லக்சன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "பொய்க் கையெழுத்து வைக்கேலாது அண்ணை" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. இந்த மனிதரை எனக்கு ஏன் பிடிக்கும் என்று அப்போது மறுபடி தெரிந்தது.

மார்ச் 20, வியாழன்

மாநில வரி அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். பேசிய பெண் பொறுமைசாலி. படையில் இருப்பவர்களுக்கு இந்த நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டாம். அப்பாடா என்று இருந்தது. ஆனால் வீடு இருவர் பெயரிலும் இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த அன்று இருவருமே இந்த மாநில வாக்காளர் இடாப்பில் பெயர் பதிந்தவர்களாக இருந்திருக்க வேண்டுமாம்.

லக்சனின் பெயர் எப்போதும் மாமி வீட்டு விலாசத்தில் இருக்கிறது. என் பெயர்?

மார்ச் 24

தேர்தல் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. டிசம்பர் வரைக்கும் நான் இந்த மாநிலத்தில் இல்லை, டார்வின் வாக்காளர். கையெழுத்து வைத்தது அக்டோபரில். விலக்கு கிடையாது.

டார்வினுக்கு மாற்றம் வந்தது அவருக்கு. கூடப் போனது நான். போனவுடனே லைசென்ஸ், வாக்கு, வங்கி என்று எல்லா விலாசத்தையும் ஒழுங்காக மாற்றினதும் நான். அவர் ஒண்டையும் மாத்தேல்ல. இப்ப, ஊர் ஊராப் போற மனுசன் சிட்னிக்காரன். பின்னால போன நான் டார்வின்காரி — அக்டோபரில நான் சிட்னியிலதானே நித்திரை கொண்டனான்?

மார்ச் 25

கோபம் ஆறிவிட்டது. திரும்பி வந்த கையோடு மாற்றியிருக்கலாம். என் பிழையும்தான்.

ஏப்ரல் 12, சனி

"காசு போனாப் போகட்டும். வரியைக் கட்டிப்போட்டு ரெண்டு பேரும் போவம்" என்றார் லக்சன். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு ஏன் அது பிடிக்கவில்லை?

கெல்லிவில் பாலர் பள்ளியில் போன மாதம்தான் என்னை நிரந்தரமாக்கினார்கள். கலியாணம் கட்டி எட்டு வருடத்தில் ஐந்து இடத்தில் படிப்பித்துவிட்டேன், எல்லாம் தற்காலிகம். மெல்பேர்ணில் மறுபடியும் ஆசிரியர் பதிவு, மறுபடியும் தேடல்.

உண்மையை எழுதுகிறேன். அந்த ஒரு வருட நிபந்தனை ஞாபகம் வந்த அன்றே எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. அதை இங்கேகூட எழுதாமல் மறைத்துவிட்டேன்.

ஏப்ரல் 13

லக்சனுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு எதிர்க் கதிரையில் அமர்ந்து சொன்னேன். "நான் இங்க இருக்கிறன். வரிக்காக இல்லை. எனக்கு இருக்க விருப்பம்."

கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "டார்வினுக்குப் போகேக்கையும் உமக்கு விருப்பமில்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"ஏன் சொல்லேல்ல?"

"நீங்கள் கேக்கேல்ல."

அவர் கோபிக்கவில்லை. எழுந்து போய் வாசற்படியில் நின்றார்.

ஜூன் 14, சனி

காலையில் லக்சன் தனியாகக் காரில் புறப்பட்டார். "போட்டு வாறன்" என்றார், கடைக்குப் போகிறவரைப் போல. அழுதேன். பிறகு புல் வெட்டினேன்.

ஆகஸ்ட் 23

இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருகிறார். இந்தக் கிழமை வரவில்லை. விரும்பி எடுத்த முடிவும் வலிக்கிறது. ஆனால் திங்கட்கிழமையை நினைத்தால், பிள்ளைகளை நினைத்தால், மனம் நேராகிவிடுகிறது.

ஜனவரி 18, 2026, ஞாயிறு

வருடம் நிறைந்தது. இனி நான் எங்கே வசித்தாலும் வரி அலுவலகத்துக்கு ஒன்றுதான். மாமி போன் எடுத்து, "வதனா, இனி எப்ப மெல்பேர்ணுக்குப் போறாய்?" என்று கேட்டார். நான் போகவில்லை என்றேன். 

பெப்ரவரி 6, வெள்ளி

லக்சன் ஒரு படம் அனுப்பியிருந்தார். அடுத்த மாற்றத்துக்கான விருப்பப் படிவம். முதல் விருப்பம்: ரிச்மண்ட். காரணம் கேட்டிருந்த கட்டத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. என் மனைவி சிட்னியில் வசிக்கிறார். நான் அவரோடு வசிக்க விரும்புகிறேன்.

கிடைக்குமோ தெரியாது. கிடைக்காவிட்டால் அடுத்த வருடமும் இப்படியேதான்.

போன் எடுத்து, "பிழை ஏதும் இருக்கோ எண்டு பாரும்" என்றார்.

மூன்று தரம் வாசித்தேன். ஒன்றும் இல்லை என்றேன்.