ஹராலுக்: ஒரு சொல்லின் இரண்டு கட்சிகள்

லெனின்கிராத், 8 பிப்ரவரி 1949
அகராதிக்காக ‘ஹராலுக்’ சொல்லின் அட்டையை எழுதி முடித்தேன். வரியோடிய எஃகுக்குப் பழைய ரஷ்யச் சொல். எங்கிருந்து வந்தது? மேற்கு ஐரோப்பாவை ஆண்ட கார்ல் மன்னரின் வம்சப் பெயரிலிருந்து, அந்நாட்டு பிராங்க் வாள்களோடு வந்தது என்பது என் கட்சி. எதிர்மேசை ரினாத் சபீரொவிச் தாத்தாரியர். துருக்கியச் சொல் என்று ஆறு வருடமாக என் உயிரை வாங்குகிறார்.

“எங்க மொழியில கரான்னா கறுப்பு, கிளஃபீரா அந்த்ரேயெவ்னா. எங்க வீட்டுப் பூனையக் கேட்டாக்கூடச் சொல்லும்.”

“அப்ப அகராதியப் பூனையவே எழுதச் சொல்லுங்க.”

இரண்டு கட்சியையும் எழுதினேன். என்னுடையது முதலில். பின்னே?

3 மார்ச்
பிரிவுத் தலைவர் நிகோதிம் லிவோவிச் அட்டையை என் மேசையில் வீசினார். “நம்ம வீரன் கையில வெளிநாட்டு இரும்பா? சுத்த ரஷ்யச் சொல்லுன்னு எழுதுங்க. முடியாதுன்னா வேற வேலை பாருங்க.” மூன்று நாள் அவகாசம்.

5 மார்ச்
வேலை போனால், வேலையோடு கிடைத்த இந்த அறையும் போகும். அவர் சொல்வதற்கு ஆதாரம் ஒன்றுமில்லை. பொய் எழுதுவேனா? எழுதிவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது.

6 மார்ச்
எழுதினேன்.

10 மார்ச்
கூட்டம். யாரும் கேட்காமலே ரினாத் எழுந்தார். “இந்தம்மா சொல்றது தப்புன்னு ஆறு வருஷமா சண்டை போடுறேன். அது தப்பு. ஆனா நீங்க எழுத வச்சிருக்கீங்களே, அது பொய்.”

அவரை நீக்கத் தீர்மானம். கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே.

11 மார்ச்
எதிர்மேசையில் வேறொருவர். தும்மிக்கொண்டே இருக்கிறார்.

14 மே 1956
திருத்திய பதிப்பு. தலைவர் மாறிவிட்டார், இப்போது யாரும் தடுக்கவில்லை. ‘ஹராலுக்’ மீண்டும் என்னிடம் வந்தது. துருக்கியக் கட்சியை மட்டும் எழுதினேன், ரினாத் வாதாடியது போலவே. என்னுடையதை விட்டுவிட்டேன். அதை நான் இன்னும் நம்புகிறேன். ஆனால் வெட்கமாக இருந்தது.

19 ஜனவரி 1958
கசானிலிருந்து ரினாத்தின் அஞ்சலட்டை. ஒன்பது வருடத்தில் முதல் கடிதம்.

“புத்தகம் பார்த்தேன், கிளஃபீரா அந்த்ரேயெவ்னா. பாதியைக் காணோமே? உங்க கட்சியை அழிச்சது எவன்? பேரைச் சொல்லுங்க, நான் எழுதிக் கேக்குறேன்.”

வாய்விட்டு அழுதேன். பதில் எழுத உட்கார்ந்தேன். அழித்தவர் பெயரை எழுத வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது.