நஜ்மாவில் வாங்கிய செவ்வந்தி

தோஹா

அன்புள்ள உமக்கு,

என் இருமல் குறைந்துவிட்டது. இதை எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். பிழையென்று பட்டால் கிழித்துவிடும்.

மேல்மாடி இத்தாலிக் குடும்பத்தில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இந்த ஊரில் அவர்களுக்கு உறவென்று யாருமில்லை. மகளும் நானும் பார்க்கப் போனோம். வெறுங்கையுடன் போகக் கூடாதென்று நஜ்மா கடைத்தெருவில் மஞ்சள் செவ்வந்தி வாங்கிக்கொண்டேன். நமக்கு அது சாமிப்பூ. அவர்களுடைய ஊரிலோ கல்லறைக்குக் கொண்டுபோகும் பூவாம். அப்போது வீடியோவில் பேசிக்கொண்டிருந்த, பிள்ளை பெற்ற ஜூலியாவின் தாயார் அதைக் கண்டு கூச்சலிட்டார். நான் பூவை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். ஜூலியா சிரித்தபடி பூவை வாங்கித் தொட்டிலருகே வைத்தாள். "இங்கே எல்லாம் புதிதாகத்தானே தொடங்குகிறோம், அங்கிள்" என்றாள்.

படியிறங்கும்போது மகள் சொன்னாள்: "கத்துறதுக்கெண்டாலும் அவவின்ர அம்மா வீடியோ கோல் எடுக்கிறா, அப்பா."

நீர் அவளோடு பேச்சை நிறுத்திய அந்தக் கல்யாணக் கதையை இந்தக் கடிதத்தில் எடுக்கப்போவதில்லை. நீர் கேட்கமாட்டீர், ஆனாலும் எழுதுகிறேன்: மருமகன் நல்ல பிள்ளை.

அவளுக்கு அடுத்த மாதம் பேறு. பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கும் சரக்குக்கு மல்லி, மிளகு, வேர்க்கொம்பு எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். எதில் எவ்வளவு என்றுதான் தெரியவில்லை. அளவை எழுதி அனுப்பினால் போதும்.

அளவு கைக்குத்தான் தெரியும், எழுத வராது என்று நீர் முன்பொருமுறை சொன்னது நினைவிருக்கிறது. ஆகவே உம்மைக் கேளாமலே மருமகனைக் கொண்டு உமக்கு விசாவும் எடுத்து வைத்திருக்கிறேன்.

பதிலுக்குப் பயந்தபடி,
உம்முடைய இவர்