மடங்குகிற முட்டி

உசிலம்பட்டி
9.3.2025

அடியே பவதாரிணி,

நலம்தான், வலது முட்டியைத் தவிர. மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில் பெண்ணுக்குப் போன் எதுக்கு என்று அண்ணன் பிடுங்கி வைத்துக்கொண்டான். பதில் போட்டால் உறையை நன்றாக ஒட்டு. ஒட்டின உறையை அப்பா பிரிக்க மாட்டார். ஒட்டாததை எழுத்துக்கூட்டியாவது வாசித்துவிடுவார்.

டிசம்பரில் கபடிப் பயிற்சியில் நீ என் காலைப் பிடித்தபோது விலகிய முட்டிச்சில்லை டாக்டர் உள்ளே தள்ளினாரே, அதோடு என் நல்ல காலம் முடிந்தது. முட்டி பெல்ட்டைக் கழற்றியாயிற்று. துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அமுக்குகிறேன், காலை நீட்டித் தூக்குகிறேன், சுவரில் சாய்ந்து பாதி உட்கார்ந்து எழுகிறேன். இப்போது முழுசாக மடங்குகிறது. அழுகை வருகிறதடி, சந்தோஷத்தில் இல்லை. "இருபத்தொண்ணு ஆச்சு. முட்டி மடங்கட்டும், மாப்ள வீட்டை வரச் சொல்லுவோம்" என்று அப்பா காத்திருக்கிறார். மடங்கினால் கல்யாணம், மடங்காவிட்டால் கபடி இல்லை. எப்படிப் போனாலும் அவுட்தான்.

தமிழ்ச்செல்வி

விளையாட்டு விடுதி, நாகமலை புதுக்கோட்டை
17.3.2025

செல்வி,

உன் கட்டிலில் யாரையும் படுக்க விடவில்லை. உன் கால் இன்னும் என் கையிலேயே இருக்கிற மாதிரி இருக்கிறது, சோறு இறங்கவில்லை. என்னை நாலு திட்டாவது திட்டி எழுதேன்டி.

பிசியோ அக்காவிடம் கேட்டேன். "நாலு மாசம் தாண்டட்டும், தொடை வலுவாயிருச்சுன்னா ஆடலாம்" என்றார். ஏப்ரல் 27 அணித் தேர்வு. உன் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

பெண் பார்க்க வந்தால் பெரியவர்கள் காலில் விழச் சொல்வார்கள்தானே? மடக்காதே. வலிக்குது என்று கத்து. ரெய்டில் நீ போக்குக் காட்டாததா?

உறையை இரண்டு தடவை ஒட்டியிருக்கிறேன்.

பவதாரிணி

உசிலம்பட்டி
20.4.2025

பவதாரிணி,

நீ சொன்னபடியே செய்தேன், நாசமாய்ப் போச்சு. வந்தவர்கள் காலில் விழப்போய், பாதியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு "அய்யோ" என்றேன். மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக்கூட முடிக்கவில்லை. அப்பா மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் நின்று அழுதார். "எம் புள்ளைக்கு இப்படி ஆயிருச்சே. இனி அந்தக் கபடிப் பேச்சே வேணாம் ஆத்தா" என்றார்.

அன்றிலிருந்து நல்ல காலை வைத்துக்கொண்டு நொண்டுகிறேன். தண்ணீர் எடுக்க நொண்டுகிறேன், கடைக்கு நொண்டுகிறேன். இப்போது தனியாக நடந்தாலும் நொண்டல் வருகிறது. பயமாக இருக்கிறதடி.

நாளை அப்பா என் பெட்டியை எடுக்க விடுதிக்கு வருகிறார். "கூட்டாளிப் புள்ளைக்கு ஏதும் எழுதுறதுன்னா குடு" என்றார். இதை அவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை.

அப்பா, பஸ்ஸில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பீர்கள். முட்டி நன்றாக மடங்குகிறது. பொய் சொன்னேன், உங்களை அழவைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நான் ஆடணும்ப்பா. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வாங்க.

உங்கள் மகள்
தமிழ்ச்செல்வி