தெட்சுவுக்கு மூச்சு வாங்குகிறது

நாகசாகி,
ஜூன் 6

அன்புள்ள சுமியேவுக்கு,

இங்கே இரண்டு நாளாக மழை விட்டிருக்கிறது. ஹிரோஷிமாவில் நீயும், மகள் மிஹோவும், பிறந்து இருபது நாளான நம் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும். இந்த முறை முடியவில்லை. வருகிற பதினெட்டாம் தேதி ஆஸ்பத்திரியில் என் இதயக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கப் போகிறார்கள். போனில் சொன்னால் நீ போடும் கூச்சலில் குழந்தை எழுந்துவிடும். அதனால்தான் கடிதம்.

கண்டுபிடித்தது யார் தெரியுமா? நம் தெட்சு. சொன்ன பேச்சு எதையும் கேட்காத அதே நாய்தான்.

நீ கிளம்பிய மறுநாள் நாய் டாக்டர் மத்சுவோ அம்மா அதன் கழுத்தில் ஒரு பட்டை மாட்டிவிட்டார். அதில் நாம் ஊறுகாய் போடும் உமே பழத்தின் கொட்டை அளவுக்கு ஒரு கருவி. நாடித்துடிப்பு, நடை, தூக்கம் எல்லாம் ஃபுகுவோகா பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். ஒரே வீட்டில், ஒரே காற்றைச் சுவாசித்து வாழ்கிற நாய்க்கும் மனிதனுக்கும் நோய் எப்படி வருகிறது என்று ஆராய்கிறார்களாம். ஞாயிறுதோறும் நான் ஒரு படிவமும் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கேள்வி: நடக்கும்போது நடுவில் நிற்கிறதா, ஏன்? நான் எழுதினேன்: “அடிக்கடி நிற்கிறது. நாய்க்கு மூச்சு வாங்குகிறது.”

திட்டாதே. டிராம் நிறுத்தத்திலிருந்து நம் வீட்டுக்கு இருநூற்றுப் பதினாலு படி. கொஞ்ச நாளாகப் பாதியிலேயே எனக்கு நெஞ்சு இறுகும், நிற்பேன். முப்பத்தெட்டு வருடம் கப்பல் கட்டும் தளத்தில் கிரேன் ஏறியவன் படிக்கட்டில் நின்று மூச்சிரைக்கிறான் என்று ஊர் பேசுவதா? யாராவது எதிரே வந்தால் தெட்சுவைப் பார்த்து, “என்னடா, அதுக்குள்ள களைச்சுட்டியா? சரி, உக்காந்துக்கோ” என்பேன். அது என்னை ஒரு பார்வை பார்க்கும். ஊருக்குச் சொன்னதையே படிவத்திலும் எழுதினேன். பொய் சொன்னாலும் மாற்றிப் பேசக்கூடாது இல்லையா?

போன புதன்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து அராகி என்ற பெண் வந்தாள். கையில் இனிப்புப் பெட்டி, பின்னால் ஸ்கேன் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அம்மா. அந்தப் பெண் மூன்று முறை குனிந்து வணங்கிவிட்டு, “தப்பா நினைக்காதீங்க ஐயா. இந்தப் படிக்கட்டு ஓரத்து வீடுகள்ல இருக்கிற ஒன்பது நாய்க்கும் இதயக் கோளாறுன்னு படிவம் சொல்லுது. ஊர்ல வேற எங்கயும் இப்படி இல்ல. தண்ணியில ஏதாவது கலந்திருக்கான்னு பார்க்கணும்” என்றாள். நம் குழாயில் ஒரு பாட்டில் பிடித்தும் கொண்டாள். நாய் மேல் பழி போடும் யுக்தி எனக்கு மட்டும்தான் தோன்றியது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

தெரு மன்றத்தில் ஒன்பது நாய்களையும் வரிசையில் நிறுத்தினார்கள். வழக்கம்போல நம் குடும்பப் பெயரோடு, “இவனாகா தெட்சு!” என்று கூப்பிட்டார்கள். நெஞ்சுப் பக்கம் முடியை மழித்து ஸ்கேன் பார்த்த டாக்டர் அம்மா, “இதுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு” என்றார். அடுத்து மியாவாகி வீட்டுக் குட்டைக்கால் நாய். அதுவும் நன்றாகவே இருந்தது. ஒன்பதும் அப்படித்தான்.

அராகி கணினியைத் திறந்து பார்த்துவிட்டு, “நடுப்படியில நிக்கறப்போ எந்த நாய்க்கும் நாடி ஏறவே இல்லையே. ரெண்டு நாய் தூங்கவே தூங்கியிருக்கு. அப்போ மூச்சு வாங்கறது யாருக்கு?” என்று கேட்டாள். ஒன்பது கிழவர்களும் கூரையைப் பார்த்தோம். மியாவாகியின் மனைவிதான் வாயைத் திறந்தாள்: “எங்க நாய்க்கு மூச்சு வாங்கறப்பல்லாம் இவருதாம்மா நெஞ்சைப் பிடிச்சுக்கறாரு.”

அவ்வளவுதான். டாக்டர் அம்மா பிடித்துக்கொண்டார். “நான் நாய் டாக்டர், உங்களைத் தொட்டா என் லைசென்ஸ் போயிடும். நாளைக்குக் காலையில ஒன்பது பேரும் ஆஸ்பத்திரியில இருக்கணும். இல்ல, உங்க கழுத்துலயும் பட்டையை மாட்டிடுவேன்” என்றார். போனோம். ஐந்து பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான், மியாவாகி, இன்னும் இரண்டு பேர் மாட்டிக்கொண்டோம். அராகிக்கு எங்கள் மேல் கோபமே இல்லை. நாயின் நடையை வைத்து வளர்ப்பவரின் இதயத்தைப் பார்க்கலாம் போலிருக்கிறது என்று முகமெல்லாம் மலர்ந்து போயிருந்தாள். இனிமேல் படிவத்தில் “முதலில் நிற்பது யார்?” என்று ஒரு கேள்வி சேர்ப்பார்களாம்.

தெட்சுவிடம் மன்னிப்புக் கேட்டு அவித்த கோழி வைத்தேன். தின்றுவிட்டு உன் செருப்பின் மேல் படுத்துக்கொண்டது.

பெரும்பாலும் குழாய்க்குள் ஸ்டென்ட் என்று ஒரு சின்னக் கம்பிவலை வைத்தால் போதும், பயப்பட ஒன்றுமில்லை என்று இதய டாக்டர் சொன்னார். குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். மனைவி நேரில் வரத் தேவையில்லை, படிவத்தைத் தபாலில் அனுப்பி வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். மிஹோவுக்கு இப்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? “வராதே, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நாற்பத்து நாலு வருடமாக அதைத்தானே சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது, சுமியே.

பேரனுக்கும் மிஹோவுக்கும் என் ஆசிகள். இருவரும் நீண்ட நாள் நோய் நொடியின்றி இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் கணவன்
தொஷிகாட்சு

பி.கு.: கையெழுத்துப் படிவத்தை உறைக்குள் தேடாதே. நான் வைக்கவில்லை.