இரண்டு அம்மாக்களும் ஒரு போன் திரையும்

கோபத்தையும் பாசத்தையும் ஒன்றாக வரவைக்கும் என் அப்பாவுக்கு,

வருகிற ஞாயிறு உங்கள் முதலாம் ஆண்டுத் திருப்பலி. தலைமன்னார்க் காற்று வழமைபோல முற்றத்து மண்ணையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டுகிறது. அம்மா சுகம். நான்தான் சுகமில்லை, காரணம் உங்கள் இணையத்தளம்.

நினைவு அட்டையில் அதன் முகவரியை அச்சடித்தாயிற்று. போனில் திறந்தால் படங்கள் பாதி வெட்டுப்பட்டு நிற்கின்றன. மண்டபம் அகதி முகாமில் இருந்த காலத்தில், கணினிக் கடையொன்றில் வேலை பழகி நீங்களே செய்த தளம். அந்த நாளுக்கு அது பெரிய வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. இடப்பக்கம் தலைமன்னார்: அம்மா, நான், நீங்கள் விட்டுப்போன வீடு. வலப்பக்கம் மண்டபம்: சின்னம்மாவும் அவரின் மகன் ஜெரோமும். நடுவில் ஒரு நீலக்கோடு.

போர் உங்களை அக்கரைக்குத் தள்ளியது, ஒத்துக்கொள்கிறேன். அங்கே இன்னொரு கல்யாணத்தையும் போர்தான் செய்து வைத்ததா அப்பா?

சரி, விடுங்கள். பழையதைக் கழற்றிவிட்டு கிரிட் முறையில் புதிதாகச் செய்தேன். பக்கத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டங்களாகப் பிரித்து, எந்தப் படம் எந்தக் கட்டத்தில் என்று சொல்லிவிட்டால் போதும், அது அங்கேயே நிற்கும். கணினியில் இரண்டு குடும்பங்களும் பக்கத்தில் பக்கத்தில் அழகாக நின்றன. ஆனால் போனின் ஒடுங்கிய திரையில் அதற்கு இடமில்லை. ஒன்று மேலே, மற்றது கீழே. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. இடப்பக்கம் முதலில் வந்தது, வலப்பக்கம் அடிக்குப் போனது.

ஜெரோம் அன்றைக்கே அழைத்தான்.

"அக்கா, எங்க அம்மா எங்க? விரல் வலிக்கத் தள்ளித் தள்ளிப் பாத்தேன். அடியில கெடக்காங்க."

"அது போன் செய்த வேலை, ஜெரோம். நான் வேணுமெண்டு செய்யேல்லை."

"இங்க எல்லாரும் பாத்துட்டாங்க. அம்மா சாப்பிடாம உக்காந்திருக்காங்க. இப்படித்தான்னா நான் பூசைக்கு வரல. டிக்கெட்டை கேன்சல் பண்ணிடுறேன்."

வைத்துவிட்டான். கடைசிக் காலத்தில் நீங்கள் மட்டும் இங்கே திரும்பிவந்து கண்மூடியபோது, கடவுச்சீட்டு கைக்கு வராததால் உங்கள் செத்தவீட்டுக்கு வர முடியாமல், அங்கேயே இருந்து அழுதவன் அவன். இதற்கும் வராவிட்டால் இனி எதற்கும் வரமாட்டான். எனக்குக் கூடப்பிறந்ததென்று வேறு யார் இருக்கிறார்கள்?

சின்னம்மாவை மேலே ஏற்றிப் பார்த்தேன். கை கூசியது. தனி ஆளாக நின்று என்னை வளர்த்த அம்மாவை, என் கையாலேயே அடியில் தள்ளுவதா? பிறகு, குடும்பம் பாராமல் ஆண்டு வரிசையில் எல்லாப் படங்களையும் கலந்துவிட்டேன். அதுதான் மோசம். வெள்ளைச் சட்டையும் மெழுகுதிரியுமாக, முதன்முதல் நற்கருணை வாங்கிய நாளில் எடுத்த என் முதல் நன்மைப் படம். அதற்கு அடுத்த கட்டத்தில் மாலையும் கழுத்துமாக நீங்களும் சின்னம்மாவும். அந்த வருசம் நான் மாதா சுருவத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்று என்ன மன்றாடினேன் தெரியுமா? அப்பா வீட்டுக்கு வரவேண்டும் என்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் கணினியை அடித்து மூடினேன்.

சத்தம் கேட்டு, மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா கையைத் துடைத்தபடி வந்தார்.

"ஏன் பிள்ளை, மூஞ்சையைத் தூக்கி வைச்சிருக்கிறாய்?"

சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் போனை வாங்கி, ஒவ்வொரு படமாகத் தள்ளினார். உங்கள் இரண்டாம் கல்யாணப் படத்தில் விரல் நின்றது. இன்றைக்கு இந்த வீடு இரண்டுபடப் போகிறது என்றே நினைத்தேன்.

"அவளை மேலை போடு."

"என்னம்மா கதைக்கிறீங்கள்? கோயிலிலை கைபிடிச்ச மூத்தவா நீங்கள்தானே!"

"ஓம். அவர் எங்கையெல்லாம் போய்க் கடைசியாய் என்னட்டைத்தானே வந்தவர். என்னைக் கடைசியிலை விடு."

போனைத் தந்துவிட்டு மீனுக்குத் திரும்பிவிட்டார். அம்மா விட்டுக்கொடுத்தாரா, வென்றுவிட்டாரா? உங்களுக்காவது விளங்குகிறதா?

சொன்னபடியே மாற்றினேன். அடுத்த நாள் காலையில் ஜெரோம் அழைத்தான். குரலில் பழைய சூடு இல்லை.

"அம்மா பாத்தாங்க அக்கா. நான் வர்றேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அம்மாவுக்கும் இப்ப பாஸ்போர்ட் வந்திருச்சு. அவங்களும் வரலாமான்னு... பெரியம்மாகிட்ட கேட்டுச் சொல்றீங்களா?"

அடுப்படிக்குப் போய்க் கேட்டேன். அம்மா நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"வரச்சொல்லு. அவளுக்குக் கல்லறையைக் காட்ட வேற ஆர் இருக்கினம்? நான்தானே காட்டவேணும்."

அப்பா, எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமை கொழும்பு ரயில் வரும் நேரம் நானே ஸ்டேசனுக்குப் போய் இருவரையும் கூட்டிவருவேன். பூசையில் இரண்டு பேருக்கும் நடுவில் நான் இருப்பேன். ஒருவரை ஒருவர் ஒரு சொல் சொல்ல விடமாட்டேன். எல்லாரும் கல்லறையை விட்டுப் போனபிறகு நான் மட்டும் திரும்பி வருவேன், உங்களோடு பிடிக்கவேண்டிய சண்டையைப் பிடித்து முடிக்க. இது சத்தியம்.

உங்கள் மூத்த பிள்ளை,
ஜெரோமின் அக்கா