கண்ணை அடக்கத் தெரியாதவள்

13.05.83, வெள்ளி

கச்சான் காற்று. கொடியில் போட்ட உடுப்பெல்லாம் மண்.

பாலர் பாடசாலைக்கு டீச்சர் தேவையாம். புதனுக்குள் பதில் சொல்ல வேண்டும். நேற்றே இவரிடம் கேட்டேன். "பாப்பம்."

இவரின் தம்பி றமீஸ் கம்பஸிலிருந்து வந்திருக்கிறான். உளவியல் படிப்பு. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டதும் மேசையில் இரண்டு டோச் லைட் வைத்தான். ஒன்று எரிந்தால் மற்றப் பக்கம் பார்க்க வேண்டும். லேசு என்று நினைத்தேன். கண் சொல் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்கே ஓடியது.

"அவசரக்காரருக்குத்தான் இப்பிடி ஓடுமாம் மச்சி. அது மெய்யாண்டு பாக்கிறன்."

இவர் கைகொட்டிச் சிரித்தார். "நான் செல்லல்லயா?"

14, சனி

வேலையைப் பற்றித் திரும்பக் கேட்டேன்.

"கண்ணையே அடக்கத் தெரியாது. புள்ளைகள எப்பிடி அடக்குவாய்?"

ஏ.எல். பாஸ் பண்ணியது இதற்குத்தானா?

பின்னேரம் இவருக்கும் டோச் பிடித்தான் றமீஸ். இவர் கண்ணும் வெளிச்சத்துக்குத்தான் ஓடியது. "யாவாரிக்குக் கண் சுறுக்கா இரிக்கணும்," என்றார். றமீஸ் டோச்சை அணைத்தான்.

இவருக்கு என்றால் சுறுசுறுப்பு. எனக்கு என்றால் புத்திக்குறை.

16, திங்கள்

சீனி, சவர்க்காரம் வாங்க.

நேற்று முழுக்கக் குசினியில் பழகினேன். வாசலில் ஆள் அசைந்தால் அடுப்பைப் பார்ப்பது. பூனை ஓடினால் கூரையை. இன்று இவர் முன்னாலேயே றமீஸைத் திரும்பச் செய்யச் சொன்னேன். ஒன்றும் பிழைக்கவில்லை.

"மச்சி கெட்டிக்காரி!"

இவர் முகம் கறுத்தது. "கண்ணையும் நடிக்க வெச்சிட்டாள். இவள எப்பிடி நம்பி வெளிய உடுற?"

18, புதன்

காலை பஸ்ஸில் றமீஸ் போனான். படலையடியில் மெதுவாக, "இத வெச்சி ஒரு ஆளப் பத்தி ஒண்டும் செல்லேலா மச்சி. கனபேரப் பாக்கணும்."

"இத ஏன் காக்காட்டச் செல்லல்ல?"

"காக்கா கோவிப்பார்." அண்ணன் என்றால் அவ்வளவு பயம்.

பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

இனி யாரையும் கேட்பதில்லை என்று பாடசாலைக்கு நானே போனேன். பெரிய டீச்சர் ஆச்சரியமாகப் பார்த்தா. வேறொரு பிள்ளையை வேலைக்கு எடுத்தாயிற்றாம்.

"உங்களுக்கு விருப்பமில்லயாமே? வெள்ளிக்கிழம ஜும்ஆக்குப் போற வழியில உங்கட மாப்பிள வந்து செல்லிட்டுப் போனார்."

ஜும்ஆவுக்குப் போகும்போது. றமீஸ் டோச்சை வெளியே எடுக்கக்கூட இல்லை, அப்போது.